ஆயாவின் ஜன்னலுக்கு நேரே மலை

என் மாமியார் பிறந்தது எஸ்ட்கோர்ட்டில். தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிற என்3 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் வருகிற சின்ன ஊர். அவருடைய அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. லைன் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடி ஒன்று இருந்ததாம். அம்மா பிழிந்து பிழிந்து கொடுக்க, எட்டு வயசுப் பிள்ளையாக இவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று கிளிப் மாட்டுவார். கொடிக்கு அந்தப் பக்கம் புல்வெளி. அதற்கும் அப்பால் மேற்கே, வானத்தை மறித்துக்கொண்டு ஜயன்ட்ஸ் காசில். டிசம்பரில் நீலமாக இருக்கும். ஜூலையில் சில நாள் உச்சியில் பனி வெள்ளையாகக் கிடக்கும். ஈரப் போர்வையை உதறும்போது மலை மறையுமாம், போர்வை கீழே இறங்கியதும் திரும்பத் தெரியுமாம்.

இதை அவர் சொன்னது போன டிசம்பர் 26 அன்று. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இங்கே நல்லெண்ண நாள் விடுமுறை. டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, லிச்சித் தோலை உரித்து உரித்துப் பேப்பரில் குவித்துக்கொண்டிருந்தோம். என் சின்ன மகள், “ஆயா, நீங்க பெர்க்குக்குப் போயிருக்கீங்களா?” என்று கேட்டாள். டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரை இங்கே யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, பெர்க் என்றால் அதுதான்.

“தினம் பாத்தேன் கண்ணு. போனதில்ல.”

“ஏன்?”

“அப்ப விடல. அப்புறம் கேக்கத் தோணல.”

அவ்வளவுதான் சொன்னார். லிச்சி உரிப்பதை நிறுத்தவும் இல்லை. எனக்கு மட்டும் அதற்குமேல் ஒரு பழம்கூட இறங்கவில்லை.

நான் பாளையங்கோட்டைக்காரி. எங்கள் ஊரிலும் மேற்கே மலை தெரியும். மழை ஓய்ந்த காலையில் மாடியில் நின்றால் பொதிகை கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல இருக்கும். நினைத்தால் பஸ் ஏறிப் பாபநாசம் போய்விடுவோம், குற்றாலம் போய்விடுவோம். பார்த்த மலைக்குப் போகக்கூடாது என்று ஒருநாளும் யாரும் எங்களைத் தடுத்ததில்லை. இங்கே தடுத்தார்கள். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து ஒதுக்கிய சட்டம் 1953-இல் வந்து, 1990-இல்தான் நீக்கப்பட்டது. மலையடிவார ஹோட்டல்களும் தங்கும் முகாம்களும் வெள்ளைக்காரர்களுக்கு. வடக்கே இருக்கும் நேட்டால் தேசியப் பூங்காவில் 1947-இல் ஆங்கிலேய ராஜ குடும்பம் வந்து தங்கிப் போனதால் அதன் பெயரில் ‘ராயல்’ சேர்ந்துகொண்டது. அந்தப் பெயரை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அதே மலைத்தொடரைக் கொடிக்கு மேல் பார்த்துக்கொண்டு ஒரு ரயில்வே லைன் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

1990-க்குப் பிறகு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குள் அத்தைக்குக் கல்யாணமாகி, டர்பனுக்கு வந்து, துணி ஆலையில் தையல் வேலையில் சேர்ந்து, மூன்று பிள்ளைகள். விடுமுறை என்றால் கடற்கரை. ஒரு பானைப் பிரியாணியும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு போனால் பொழுது கழிந்துவிடும். மலைக்குப் போக வேண்டுமென்றால் கார் வேண்டும், அறை வாடகை வேண்டும், நாலு நாள் லீவு வேண்டும். அப்புறம் அந்த ஆசையே உள்ளே போய்ப் படுத்துவிட்டது.

அன்று ராத்திரியே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த கிறிஸ்துமஸ் பெர்க்கில்தான் என்று. இந்த ஜனவரியிலிருந்து நடத்திய ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். வயசானவர்களை அழைத்துக்கொண்டு டிசம்பரில் மலைக்குப் போக நினைக்கிற எவருக்கும் இதில் ஏதாவது உதவும்.

ஆள் கணக்கு பதினொன்று. அத்தை, நாங்கள் நாலு பேர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கொழுந்தனார் குடும்பம் நாலு பேர், டர்பனிலேயே இருக்கும் பீனிக்ஸிலிருந்து அத்தையின் மகளான மைனியும் அவர் வீட்டுக்காரரும். அத்தைக்கு 75 வயது. கொழுந்தனாரின் கடைக்குட்டிக்கு ஆறு. இடையில் மலையேறத் துடிக்கிற வாலிபப் பிள்ளைகள் மூன்று. இப்படி ஒரு கூட்டத்துக்குத் திட்டம் போடும்போது வழக்கமாக வாலிபப் பிள்ளைகளின் ஆசைதான் முதலில் வரும். எந்தச் சிகரம், எந்த அருவி, எத்தனை கிலோமீட்டர் என்று அவர்கள் பட்டியலோடு வருவார்கள். பெரியவர்களை எங்காவது ஒரு நாற்காலியில் உட்கார்த்திவிட்டுப் போவோம். இந்தத் தடவை நான் அதைத் திருப்பிப் போட்டேன். அத்தை படுக்கிற அறையை முதலில் முடிவு செய்வது, மற்றதெல்லாம் அதிலிருந்து என்று எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதினேன். கொழுந்தனார் உடனே சரி என்றார். மைனிதான், “அம்மாவுக்கு மூட்டு வலி, எதுக்கு அலைக்கழிக்கிற?” என்று இரண்டு நாள் மறுத்துப் பார்த்தார். கொடிக் கதையை முழுக்கச் சொன்னேன். பெற்ற மகளுக்கே அது தெரியாது. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “பானைய நான் கொண்டு வாரேன்” என்றார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் மட்டும் பெர்க் பக்கம் ஒருமுறை போயிருந்தோம். அதில் பட்ட பாடுதான் இந்தத் தடவை எனக்கு வழிகாட்டி. டிசம்பர் நடுவில், கடைசி நேரத்தில், படத்தைப் பார்த்து ஒரு குடிலுக்குப் பணம் கட்டினோம். படத்தில் மலை அப்படியே வீட்டு வாசலில் நிற்கும். போனபோது மணி மூன்று. மேகம் அடிவாரம்வரை இறங்கியிருந்தது. சரி, காலையில் தெரியும் என்று படுத்தோம். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே யூக்கலிப்டஸ் தோப்பு. மலை தெரிகிற இடம் குடிலின் சொந்தக்காரருடைய தோட்டமாம், படம் அங்கிருந்து எடுத்ததாம். அங்கே போய் நிற்கலாமா என்று கேட்டேன், நாய் இருக்கிறது என்றார்கள். இரண்டு இரவு இருந்துவிட்டு, ஓட்டல் வாசலிலும் சாலையோரத்திலும் காரை நிறுத்தி நிறுத்தி மலையைப் பார்த்துவிட்டு வந்தோம். அத்தை வந்திருந்தால் மறுபடியும் தூரத்திலிருந்து பார்த்த கதையாகத்தான் ஆகியிருக்கும்.

எந்தப் பள்ளத்தாக்கு என்பதில் எனக்கே மனசு இரண்டாக இருந்தது. என் ஆசை வடக்கே ராயல் நேட்டால். அங்கே ஆம்ஃபிதியேட்டர் என்று ஒரு பாறைச் சுவர், ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு, வளைந்த மதில்போல நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து துகேலா அருவி படிப்படியாக விழுகிறது, மொத்த உயரம் 948 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். டிசம்பர் மழையில் தண்ணீர் இருக்கும், குளிர்காலத்தில் நூலாகிவிடும். அங்குள்ள தெண்டேலே முகாம் அந்தச் சுவரைப் பார்த்த மாதிரியே அமைந்தது. அதனாலேயே கிறிஸ்துமஸ் வாரத்தில் அங்கே இடம் கிடைப்பது அரிது. நான் கேட்டபோது ஒரு குடில்தான் மிச்சம், நமக்கு மூன்று வேண்டும். கதீட்ரல் பீக் பக்கமும் பார்த்தேன். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கடை, மருந்து என்று எதற்கும் அங்கிருந்து விண்டர்டன் வரைக்கும் வர வேண்டும்.

கடைசியில் ஷாம்பெயின் பள்ளத்தாக்கு. டர்பனிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நாலு, நாலரை மணி. இரண்டு பக்கமும் நடுவில் சந்திக்கிற மாதிரி. விண்டர்டனிலிருந்து ஆர்600 சாலை தாரோடு உள்ளே போகிறது. எம்மாவுஸ் அரசு மருத்துவமனை விண்டர்டனுக்குப் பக்கத்தில், பெரிதாக ஏதும் என்றால் எஸ்ட்கோர்ட்டுக்கும் லேடிஸ்மித்துக்கும் போய்விடலாம். கண் எதிரே 3149 மீட்டர் கேத்கின் பீக், அதற்குப் பின்னால் 3377 மீட்டர் ஷாம்பெயின் காசில். பள்ளத்தாக்கு அவ்வளவு உயரமில்லை, அத்தைக்கு மூச்சு வாங்காது. அதோடு, அவர் பிறந்த எஸ்ட்கோர்ட் வழியாகத்தான் போக வேண்டும். இந்தக் கடைசிக் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஏழு வீடுகளுக்குப் போன் போட்டேன். படம் அனுப்பட்டுமா என்றவர்களிடம் படம் வேண்டாம், கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்றேன். கீழ்த்தளத்துப் படுக்கையறை ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்தது? மலை மேற்கிலும் தென்மேற்கிலும் இருக்கிறது, அதனால் ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால்தான் பிரயோசனம். ஜன்னலுக்கும் மலைக்கும் நடுவில் மரம் உண்டா? காரிலிருந்து படுக்கைவரை எத்தனை படி? குளியலறையில் ஷவரா, தொட்டியா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் முதலில் யோசிப்பதில்லை. மூட்டு வலிக்காரர் தொட்டியின் விளிம்புக்கு மேல் காலைத் தூக்கி உள்ளே வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, பக்கத்தில் நின்று கையைப் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். கார் நிறுத்தக் கூரை உண்டா என்றும் கேட்டேன். அந்தப் பக்கத்து ஆலங்கட்டி மழை கார் தகரத்தை அம்மைத் தழும்பாக்கிவிடும்.

ஐந்தாவதாகப் பேசிய அம்மாவிடம் நான் திசை கேட்டதும், “கொஞ்சம் இருங்கள், கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார். போன் கையோடு நடந்து போய், உட்கார்ந்து, “தலையணையில் சாய்ந்தால் கேத்கின் முழுசாகத் தெரிகிறது, ஷாம்பெயின் காசில் பாதி தெரிகிறது” என்று சொன்னார். அன்றைக்கே முன்பணம் கட்டினேன். இரண்டு படி, ஷவர், நாலு படுக்கையறை, பிள்ளைகளுக்கு மச்சில் இடம். விடுமுறைக் காலம் என்பதால் குறைந்தது ஐந்து இரவு எடுத்தாக வேண்டும். பிப்ரவரியிலிருந்து மாசாமாசம் மூன்று குடும்பமும் பணம் போட்டு வந்தோம், சீட்டுக் கட்டுவதுபோல. அக்டோபரில் முழுத் தொகையும் முடிந்தது. அத்தையிடம் யாரும் பணம் வாங்கக்கூடாது என்று பேச்சு. அப்படியும் அவர் தன் பென்ஷனிலிருந்து இறைச்சிக்கு என்று ஒரு கவரை என் கைப்பையில் வைத்துவிட்டார்.

தேதியில்தான் பெரிய பேச்சுவார்த்தை. அத்தைக்குக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனை தவறக்கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே சபை, அதே பெஞ்சு. அதனால் 26-ஆம் தேதி புறப்படலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கொழுந்தனாருக்கு 29 அன்று வேலைக்குத் திரும்ப வேண்டும், அப்படிப் போனால் அவர்களோடு இரண்டு இரவுதான் கிடைக்கும். நான் அத்தையிடம் நேராகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வீட்லயே ஜெபம் பண்ணுவோம். சங்கீதம் நான் வாசிக்கிறேன்” என்றார். எந்தச் சங்கீதம் என்று நான் கேட்கவில்லை. மலையடிவாரத்தில் எதை வாசிப்பார் என்று சபைக்குப் போகிற எவருக்கும் தெரியும்: பைபிளின் 121-ஆம் சங்கீதம், ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்’. மைனி வீட்டுக்காரர் முருக பக்தர், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். அவரும் பல்லவி பாடக் கூட நிற்பார், எங்கள் வீட்டில் அது என்றைக்குமே அப்படித்தான்.

ஆக 23 புறப்பாடு, 28 திரும்புதல். டிசம்பரில் என்3 எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க் முழுக்கக் கடலுக்கு இறங்கி வருகிற மாதம். நல்லவேளை, நாங்கள் எதிர்த்திசை. மூயி ரிவர் சுங்கச்சாவடியில் வரிசை எதிர்ப்பக்கம்தான் நீளும். கஷ்டப்படப் போவது கொழுந்தனார்தான், அதனால் அவர்களை விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் ஆறு மணிக்கு. ரோட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் சுருட்டிக் கட்டிய பேட்கோஸ் கையில். வழிச்சாப்பாட்டுக்கு ஆஃப்ரிகான்ஸ்காரர்கள் வைத்த பெயர் இது, இப்போது எல்லார் வாயிலும் அதுதான். எஸ்ட்கோர்ட்டில் இறங்கி ஒரு தேநீர். அதற்கு அரை மணி ஒதுக்கியிருக்கிறேன், அத்தை அதற்கு மேல் நிற்க நினைத்தால் நிற்பார், யாரும் அவசரப்படுத்தக்கூடாது. என்ன இருந்தாலும் பகல் பன்னிரண்டுக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும். இருட்டினால் அந்தச் சாலைகளில் மாடு நிற்கும், மூடுபனி இறங்கும், குழி தெரியாது.

பன்னிரண்டு என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு மழையும் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிசம்பர் பெர்க்கின் சூட்சுமமே இதுதான். இந்துமாக்கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று இந்த மூவாயிரம் மீட்டர் மதிலில் முட்டி மேலே ஏறுகிறது. காலையில் வானம் துடைத்த மாதிரி இருக்கும். பத்து மணிக்குச் சிகரத்தின் தோளில் பஞ்சுபோல் ஒரு மேகம் உட்காரும். வெயில் ஏற ஏற அது கோபுரமாக வளரும், அடிப்பாகம் கறுக்கும். மத்தியானம் இடி. மூன்று மணிக்கு மலை இருந்த இடமே தெரியாது. கொட்டித் தீர்த்துவிட்டுச் சாயங்காலம் சில நாள் திரும்ப விலகும். எல்லா நாளும் இப்படியே நடக்கும் என்றில்லை, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடிக் கிடப்பதும் உண்டு. ஐந்து இரவு எடுத்ததில் எனக்கு வருத்தமில்லாததற்கு அது ஒரு காரணம்.

மலையின் பாறைமுகம் கிழக்கைப் பார்த்தது. டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். முதல் வெயில் நேராகப் பாறையில் விழும். மேலே இருப்பது கறுப்பு எரிமலைப் பாறை, 18 கோடி ஆண்டுப் பழசு. அதற்குக் கீழே வெளிர் மஞ்சள் மணற்பாறை. இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் ஓவியம் தீட்டிய குகைகள் எல்லாம் அந்த மஞ்சள் அடுக்கில்தான் இருக்கின்றன. காலை வெயிலில் இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரியும் என்கிறார்கள். ஆகவே எங்கள் கால அட்டவணை முழுக்கக் காலையிலேயே இருக்கிறது. நாலே முக்காலுக்கு நான் எழுந்து தேநீர் போடுவேன். அத்தைக்கு எப்படியும் அந்த நேரம் விழிப்பு வந்துவிடும். அவருக்கு வராந்தாவில் கைப்பிடி வைத்த நாற்காலி, முதுகுக்குத் தலையணை, ஒரு சால்வை. டர்பன் புழுக்கத்தில் இருந்து போகிறவர்கள் சால்வையைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டுப் போவார்கள், புயலுக்குப் பிறகு அங்கே சட்டென்று குளிர்ந்துவிடும். ஆறு மணிக்கு வாலிபப் பிள்ளைகள் நடக்கக் கிளம்பலாம். பன்னிரண்டுக்குள் கீழே இறங்கியிருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது, மின்னல் யாருக்கும் சலுகை தராது.

கொழுந்தனாரின் மூத்த மகன் சங்கிலி ஏணி ஏற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சென்டினல் சிகரத்தின் பக்கம், பாறைச் சுவரில் அடித்து வைத்த இரும்பு ஏணிகள். அதன் வழியாக ஆம்ஃபிதியேட்டரின் மேலேயே ஏறித் துகேலா விழுகிற விளிம்பில் நிற்கலாம். அவன் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நம் வீட்டிலிருந்து அங்கே போகவே பல மணி நேரம் ஆகும், ஏணிக்கு வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும், இறங்கும்போது மேகம் கறுத்திருக்கும். டிசம்பரில் இரும்பு ஏணியில் தொங்கிக்கொண்டு இடியைக் கேட்க நான் எந்தப் பிள்ளையையும் அனுப்ப மாட்டேன். குளிர்கால விடுமுறையில் அவனும் அவன் அப்பாவும் தனியாகப் போவதாக ஒப்பந்தம். இப்போதைக்கு எங்கள் பள்ளத்தாக்கின் முடிவில் இருக்கிற மங்க்ஸ் கௌல் பூங்கா வாசலிலிருந்து ஸ்ஃபிங்க்ஸ் பாறைவரை ஏறட்டும். புறப்படும் முன் வாசலில் இருக்கிற பதிவேட்டில் பேர், வழி, திரும்பும் நேரம் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் மறக்காமல் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் காணவில்லை என்று தேட ஆள் கிளம்புவார்கள். கடைக்குட்டிக்கும் எனக்கும் ஸ்டெர்க்ஸ்ப்ரூட் அருவி. அது சின்ன நடைதான்.

லெசோத்தோவுக்குச் சானி கணவாய் வழியாக ஏறலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது தெற்கே அண்டர்பர்க் பக்கம், பாஸ்போர்ட் வேண்டும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். விட்டுவிட்டோம். நாங்கள் தங்கப் போகிற ஷாம்பெயின் பள்ளத்தாக்கில் உள்ள டிராக்கன்ஸ்பெர்க் சிறுவர் பாடகர் குழுப் பள்ளி உலகத்துக்கே தெரிந்தது. அத்தைக்குக் கேட்க ஆசை. டிசம்பரில் பள்ளி விடுமுறை என்பதால் அது கிடைக்கவில்லை.

நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். அதனால் மருந்துப் பையை மட்டும் யாரிடமும் விடவில்லை. அத்தைக்குச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து. ஐந்து நாளுக்கு எட்டு நாள் மாத்திரை, இரண்டு பையில் பிரித்து, ஒன்று எங்கள் காரில், ஒன்று மைனி காரில். இன்சுலின் பேனா திறந்தது வெளியே இருக்கலாம், ஆனால் டிசம்பர் வெயிலில் பூட்டிய காருக்குள் இருக்கக்கூடாது. திறக்காத பேனாக்கள் குளிர்பையில், பனிக்கட்டியோடு ஒட்டாதபடி துண்டில் சுற்றி. ஐஸ் பட்டு உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இடி மழைக்குக் கரண்ட் போகும். வீட்டில் கேஸ் அடுப்பு உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். டார்ச் மூன்று, பவர் பேங்க் இரண்டு. அத்தை ராத்திரி எழுந்து பாத்ரூம் போகிற வழியில் ஒட்டி வைக்கப் பேட்டரி விளக்கு நாலு வாங்கியிருக்கிறேன். போன் சிக்னல் அங்கே இடத்துக்கு இடம் மாறும் என்பதால் வீட்டின் முகவரியையும் மருத்துவமனை எண்ணையும் தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவதாக இருக்கிறேன்.

சாப்பாடு மைனியின் இலாகா. 25 மத்தியானம் மட்டன் பிரியாணி, டர்பன் பக்குவத்தில், மசூர் பருப்பும் பொரித்த உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் அடுக்கி. பானை அத்தையுடையது, நாற்பது வருஷத்து அலுமினியம். மூடியில் ஒரு பக்கம் சொட்டை. அந்தச் சொட்டை வழியாக ஆவி போகும் என்று அந்த இடத்தில் மட்டும் மாவைக் கட்டியாக உருட்டி வைத்து, பெருவிரலால் அழுத்தி அழுத்திச் சுற்றிவருவார். ஒரு தடவை நான் புதுப் பானை வாங்கி வந்தேன். அது இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. மசாலாவை விக்டோரியா தெரு மார்க்கெட்டில் போன சனிக்கிழமை அரைத்து வாங்கியாயிற்று. இறைச்சியை முதல் நாளே மசாலா தடவி உறைய வைத்துவிட்டால் அதுவே குளிர்பையில் ஐஸுக்குப் பதிலாக இருக்கும். நண்டு வேண்டாம் என்று முடிவு, மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தை நண்டு தாங்காது. மற்ற நாள் ப்ராய் (தணலில் சுட்ட இறைச்சி), பீன்ஸ் கறி, டின் மீன். லிச்சி மட்டும் டர்பனிலேயே வாங்கிக் குலையோடு கொண்டுபோவோம். சமையலறை ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு யாரும் வெளியே போகக்கூடாது. சாட்ஸ்வொர்த் குரங்குகளோடு வாழ்ந்து பழகிய நமக்குக் குரங்கு பயமில்லை, ஆனால் அங்கே இருப்பவை பபூன்கள். கதவையே திறக்கும்.

மழைப் பொழுதுக்குத் துனீ இருக்கிறது. இந்தச் சீட்டாட்டம் டர்பன் இந்தியர்களின் சொத்து. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11. கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்ததும் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது, எங்கள் ஊரில் சித்தப்பாமார் ஆடுகிற இருபத்தெட்டின் உறவுக்காரன்தான். அங்கேயும் ஜாக்கிதான் ராஜா, அதற்கடுத்து ஒன்பது. கப்பலில் வந்தவர்கள் மடியில் எதையெல்லாம் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். அத்தையும் மைனி வீட்டுக்காரரும் ஒரு கட்சி. அவர்களை ஜெயிப்பது கஷ்டம்.

27 அன்று காலை வானம் தெளிவாக இருந்தால் ஸ்பியான்கோப் போவோம். விண்டர்டனுக்கு அருகே உள்ள குன்று. 1900 ஜனவரியில், ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த போரின்போது, அங்கே நடந்த சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தது காந்தி சேர்த்த இந்தியர் படை. ஏறக்குறைய 1100 பேர், பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். ஸ்ட்ரெச்சரோடு ஒருநாளில் இருபது மைலுக்கு மேல்கூட நடந்திருக்கிறார்கள். பிள்ளைகள் அந்த மண்ணில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். காரிலேயே மேலே போய்விடலாம் என்பதால் அத்தையும் வரலாம்.

வராந்தாவில் தொங்கவிட ஸ்டார் ஒன்று பாளையங்கோட்டையிலிருந்து தங்கை அனுப்பியிருக்கிறாள். காகித ஸ்டார் அந்த மழைக் காற்றுக்கு நிற்காது என்று சொல்லி, பிளாஸ்டிக்கில் கேட்டு வாங்கினேன். உள்ளே பேட்டரி பல்பு.

நேற்று சாயங்காலம் அத்தை தன் பையை அடுக்கத் தொடங்கிவிட்டார், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

“அந்த வீட்ல வெளியே கொடி இருக்கா?” என்றார்.

வாஷிங் மெஷின் இருக்கு அத்தை, துணியெல்லாம் வந்து பார்த்துக்கலாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நைட்டியை மடித்தார். எனக்குப் பிறகுதான் உறைத்தது. உள்ளே போய் அந்த வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். கொடி இருக்கிறதாம், வீட்டின் பக்கவாட்டில், இரண்டு கம்பத்துக்கு நடுவில். எந்தப் பக்கம் என்று கேட்டேன். மேற்கே என்றார்.

வந்து சொன்னேன். அத்தை எழுந்து கொல்லைக்குப் போய், கிளிப் கூடையிலிருந்து மரக் கிளிப்பாகப் பார்த்துப் பன்னிரண்டு எண்ணி எடுத்துவந்து, பழைய கைக்குட்டையில் முடிந்து, பையின் அடியில் வைத்தார்.